ஊசி போட்டேனா

போட்டேன். போட்டிருப்பேன். போடாமல் எப்படிக் கிளம்பியிருக்க முடியும், ஐந்து வருஷப் பழக்கம் அது, நான் முழுசாக விழிப்பதற்கு முன்பே என் கை விழித்துக்கொள்ளும், ஃபிரிட்ஜைத் திறக்கும், கதவுத் தட்டில் முட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிற இன்சுலின் பேனாவை எடுக்கும், அடிப்பக்கத்தைத் திருகும், டிக், டிக், டிக், ஒரு டிக் ஒரு யூனிட், ஓடாத நாளில் பன்னிரண்டு, ஓடுகிற நாளில் ஆறு. இன்றைக்கு ஓடுகிற நாள். ஆறு டிக். அந்த ஆறும் இப்போதுகூடக் காதில் கேட்கிறது. கேட்கிறது சரி, இது இன்றைய டிக்கா? நேற்று நான் ஓடவில்லை, நேற்றையது என்றால் பன்னிரண்டு கேட்க வேண்டும். முந்தாநாள் ஓடினேன். அப்படியானால் இது முந்தாநாளின் ஆறாகவும் இருக்கலாம், போன வாரத்து ஆறாகவும் இருக்கலாம், ஒரே மாதிரி காலைகள், ஒரே ஃபிரிட்ஜ் வெளிச்சம், எந்தக் காலை எதற்குள் போய் ஒட்டிக்கொண்டதோ. ஆலாந்துறை வரைக்கும் இந்தக் கேள்வி கிடையாது. ஐந்து மணிக்குப் பேரூரில் வீட்டை விட்டு இறங்கி, பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரு யோசனையும் இல்லாமல் வந்தேன், நன்றாகத்தான் வந்தேன். திரும்பி, வெள்ளியங்கிரி மலையை முதுகுப் பக்கம் விட்டு, பேரூரைப் பார்த்து நாலு எட்டு வைத்ததும், ஷூவுக்குள் விழுந்த கல் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. சென்னியப்பா, ஊசி போட்டயா? போட்டேன். நிச்சயமா? நிச்சயம். அப்படின்னா எந்தப் பக்கம் போட்டே? அங்கேதான் நிற்கிறது. போடாமல் விட்டிருந்தால் ராகிக்கூழும் வாழைப்பழமும் சேர்ந்து இந்நேரம் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும். போட்டதை மறந்து இரண்டாம் தடவையும் போட்டிருந்தால் இறங்கிக்கொண்டிருக்கும். ஏறினால் தண்ணீர் குடிக்க வேண்டும், இறங்கினால் இனிப்புத் தின்ன வேண்டும், இரண்டில் எது என்று தெரியாமல் ஓடுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்குத்தானே அந்த ஏற்பாடு. ஒரே இடத்தில் குத்தினால் தோல் தடித்துப்போகும், இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள் என்று டாக்டர் மெஹருன்னிசா சொன்னபோது, நான் தொப்புளைச் சுற்றி ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி, தொப்புளுக்கு நேர் மேலே. திங்கள் இரண்டு மணி. செவ்வாய் நாலு. புதன் ஆறு, நேர் கீழே. வியாழன் எட்டு, வெள்ளி பத்து, சனிக்கிழமை மட்டும் தொடைக்குப் போய்விட்டு வருவேன், வயிறும் பாவம் ஒரு நாள் லீவு எடுக்கட்டும். டாக்டர் இதைக் கேட்டு, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பேஷண்டைப் பார்த்ததில்லை என்றார். முப்பத்து நாலு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு உடம்பும் ஒரு டைம் டேபிள்தான் மேடம் என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். இன்றைக்குப் புதன். ஆறு மணி. ஓடிக்கொண்டே பனியனைத் தூக்கி, விரலால் தொப்புளுக்குக் கீழே அழுத்துகிறேன். வலிக்கிற மாதிரி இருக்கிறது. நாலு மணியில் அழுத்தினேன், அங்கேயும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. எட்டு மணியில், இந்த வாரம் இன்னும் குத்தவே குத்தாத இடத்தில், அங்கேயும். அழுத்தினால் எங்கேதான் வலிக்காது? மொபெட்டில் பால் கேனோடு வந்த ஒரு பெண், வயசான மனுஷன் ரோட்டில் வயிற்றைத் திறந்துபோட்டு அமுக்கிக்கொண்டே ஓடுவதைப் பார்த்து வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கிப் போனாள். நானாக இருந்தாலும் ஒதுக்கித்தான் போவேன். ஊசி வரவர மெல்லிசாகிவிட்டது, கொசுக்கடிகூட அதைவிட வலிக்கும், அந்தக் காலத்துக் கண்ணாடி ஊசியாக இருந்தால் குத்தியது மூன்று நாளைக்கு மறக்காது. வலி இல்லாமல் செய்கிறோம் என்று ஞாபகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இல்லை, ஊசி என்ன பண்ணும், ஊசி மேல் பழி போடாதே.

கை நடுங்குகிறது. பதினைந்தாவது கிலோமீட்டர் என்று வாட்ச் அதிர்கிறது, அந்த அதிர்வா கையின் நடுக்கமா? வாட்ச் நின்ற பிறகும் நடுங்குகிறது. வேர்வை வேறு, ஆனால் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் வேர்க்காமல் குளிரவா செய்யும். பசிக்கிறது. பசியும் இறங்குவதன் அடையாளம், பசி பசியின் அடையாளமும்கூட. ஏப்ரலில் ரேஸ்கோர்ஸில் இறங்கியதே, அது எப்படி இருந்தது? அன்றைக்குக் குழுவோடு ஓடினேன், பத்தாவது கிலோமீட்டரில் எங்கள் கோச் பிரபுவைப் பார்த்து, வண்டி ஏன் இன்னும் ஸ்டாண்டை விட்டு எடுக்கவில்லை என்று சத்தம் போட்டேனாம். எனக்கு ஒன்றும் தெரியாது. பிடித்து உட்கார வைத்து, விரலில் குத்தி மெஷினில் பார்த்தால் சர்க்கரை ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. வாயில் குளுக்கோஸைக் கொட்டினார்கள், கால் மணி நேரத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நின்றுவிட்டது, பிரபு பிரபுவாகவும் ரேஸ்கோர்ஸ் ரேஸ்கோர்ஸாகவும். அது நல்ல குழப்பம். ஒரு பிடி குளுக்கோஸுக்குக் கட்டுப்படுகிற குழப்பம். அன்று மாலை துளசிமணி, என் வீட்டுக்காரி, டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து தீர்மானமாகச் சொல்லிவிட்டாள், "இன்னொருக்கா இப்படி எறங்குச்சுன்னா மாராத்தானும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம்." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆகவே இப்போது இறங்கியிருக்கக் கூடாது. டிசம்பருக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, பேர் கொடுத்தாயிற்று, பெங்களூரில் இருக்கும் மகள் லீவு சொல்லி வைத்திருக்கிறாள், அறுபது வயசுக்கு மேல் எங்கள் குழுவில் நான் ஒருவன்தான். இறங்கியிருக்கக் கூடாது. இல்லை, இல்லை, இறங்கியிருக்க வேண்டும். என்ன சொல்கிறேன்? இறங்கியிருந்தால் மராத்தான் போகும், அவ்வளவுதானே. இறங்காமலே இப்படிக் குழம்பினால்?

அதை யோசிக்காதே. பாக்குத் தோப்பைப் பார். எவ்வளவு நேராக நிற்கிறது ஒவ்வொரு மரமும். இடது கால் கட்டைவிரலில் ஒன்றும் தெரியவில்லை, அது மூன்று வருஷமாகவே தெரிவதில்லை, அங்கே விரல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஓட ஆரம்பித்ததே அந்த விரலால்தான். நடங்கள் என்றார்கள், நடந்தேன், நடைபாதையில் கூட நடந்தவர்கள் எல்லாரும் யாருக்கு எந்தக் கிட்னி போனது, யாருக்கு எந்தக் காலை எடுத்தார்கள் என்பதையே ஒவ்வொரு ரவுண்டும் பேசினார்கள், அதைத் தாங்காமல் அவர்களைத் தாண்டிக் கொஞ்சம் வேகமாகப் போனேன், அந்த வேகம்தான் ஓட்டமாகிவிட்டது. இடுப்பில் செல்போன் அதிர்கிறது. துளசிமணி. எடுத்தால் மூச்சு வாங்குவது கேட்கும், எடுக்காவிட்டால் பயந்துகொள்வாள். "ஏனுங்க, எங்க வந்துட்டிருக்கறீங்க?" "மாதம்பட்டிகிட்ட." மாதம்பட்டியா? வலது பக்கம் ஒரு கல்யாண மண்டபம் தெரிகிறது, மாதம்பட்டியில் மண்டபம் உண்டு, இந்த ரோட்டில் எங்கேதான் மண்டபம் இல்லை. "ஒடம்பு எப்படி இருக்குது?" "ஜம்முனு இருக்குது." "மிசின்ல பாத்தீங்களா?" "பாத்தேன், நூத்தி முப்பது." பொய். நாக்கு கூசாமல் வந்துவிட்டது. முக்கால் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், ஆறு மணிக்கு ஒரு தடவை பார்த்தேன், அதற்கு என்ன வந்தது? நூற்று அறுபதா? அதற்கப்புறம் பார்க்கவில்லை. கேட்டுவிடு. துளசி, நான் காலையில ஊசி போட்டனா? ஒரு வரி. அவள் அடுப்படியில்தான் நின்றிருப்பாள், அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கலாம், கேட்டால் தீர்ந்துவிடும். கேட்கவே கூடாது. இந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன், அதைக் கேட்கிற ஆளாக நான் ஆகமாட்டேன். "அப்புறம்?" என்றேன். லைனில் அவள் மூச்சு கேட்டது, குக்கர் விசில் கேட்டது. சிக்னல் சரியில்லை போல என்று நினைத்து வைத்துவிட்டேன்.

எதிரில் ஒரு டவுன் பஸ் வருகிறது. இது எந்த வண்டி? ஆறு ஐம்பதா, ஏழு ஐந்தா? வாட்சைப் பார்த்தால் தெரியும், ஆனால் வாட்சைப் பார்த்து வண்டியைச் சொல்வதற்கு ஒரு டைம் கீப்பர் எதற்கு, வண்டியைப் பார்த்து மணியைச் சொல்ல வேண்டும். ஆறு ஐம்பது வண்டியில் கல்லூரிப் பிள்ளைகள் தொங்குவார்கள். ஏழு ஐந்தில் பூக்கூடைகள் இருக்கும். இதில் பிள்ளைகளும் இருக்கிறார்கள், கூடையும் இருக்கிறது. இரண்டும் ஒரே வண்டியில் எப்படி வரும்? ஆறு ஐம்பது லேட்டாகி ஏழு ஐந்தின் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் ஏழு ஐந்து காலியாகப் பின்னாலேயே வர வேண்டும். வரவில்லை. இல்லை, எனக்கு முன்பே போய்விட்டதா, பார்த்தும் பார்க்காமல் விட்டேனா? டைம் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து நாளொன்றுக்கு நானூறு வண்டியை அனுப்பியவன் நான். எந்த வண்டி எங்கே நிற்கும், எந்த டிரைவர் எத்தனை நிமிஷம் டீ குடிப்பான், எல்லாம் நோட்டைத் திறக்காமலே சொல்வேன். அந்த ஜன்னலில்தான் அண்ணன் வந்து நின்றார். வேண்டாம். வந்துவிட்டார். உக்கடம் ஸ்டாண்ட், காலை எட்டு மணி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியும் மஞ்சப்பையுமாக அண்ணன் நாச்சிமுத்து. கிணத்துக்கடவில் இருந்தார், எனக்கு எட்டு வயசு மூப்பு, என்னை டேய் சென்னி என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிட்டதில்லை, என் கல்யாண மேடையில்கூட டேய்தான். அவர் குனிந்து கம்பிக்குள் பார்த்து, "ஏனுங்க, கெணத்துக்கடவு வண்டி எப்பங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு. அண்ணன் கேலி பண்ணுகிறார் என்று நானும் ஆபீசர் குரலில், "எட்டுப் பத்துங்க, மூணாவது ரேக்குல நிக்குதுங்க" என்றேன். பக்கத்தில் இருந்த கண்டக்டர்களும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் வந்து அதே கேள்வி, அதே கும்பிடு. அப்போதுதான் அது கேலி இல்லை என்று தெரிந்தது. என்னைக் கும்பிட்டாரே, தூக்கி வளர்த்த தம்பியை. நான் சிரித்தேனே.

அண்ணனுக்குச் சர்க்கரை கிடையாது. பிரஷர் மட்டும், காலையில் ஒரே ஒரு வெள்ளை மாத்திரை. எல்லாம் முடிந்த பிறகு அண்ணி ஒருநாள் உட்கார்ந்து சொன்னார், "மொதல்ல மாத்தரையிலதானுங்க தம்பி ஆரம்பிச்சுது. மாத்தர போட்டனா, மாத்தர போட்டனான்னு கேப்பாரு. வயசாச்சுன்னா அப்படித்தான்னு நாஞ் சிரிச்சுட்டே வுட்டுட்டேன்." மாத்திரை போட்டேனா. ஊசி போட்டேனா. இரண்டுக்கும் இடையில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். இல்லை, நிறைய வித்தியாசம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அண்ணனுக்கு இல்லை, சர்க்கரை இறங்கினால் மூளை தடுமாறும், அது உலகத்துக்கே தெரியும், அதைச் சொல்லத்தான் மெஹருன்னிசா அத்தனை படித்திருக்கிறார். கை நடுங்கினால், பேச்சுக் குழறினால், குழப்பமாக இருந்தால், முதலில் இனிப்பு, பிறகுதான் மெஷின், யோசிக்கவே கூடாது என்பது அவர் சொன்ன ரூல். கை நடுங்குகிறது, குழப்பமாக இருக்கிறது, இடுப்புப் பையில் நாலு கடலை மிட்டாய் இருக்கிறது. எடு, தின்னு. தின்றுவிட்டால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும், வீட்டுக்குப் போய் இறங்கிவிட்டது துளசி என்று ஒப்புக்கொள்ளலாம், மராத்தான் போகும், போகட்டும், அது என்ன என் முப்பாட்டன் சொத்தா. நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் கொண்டுபோய்க் கொட்டிவிடத் தயாராக இருக்கிறேன், எனக்கு வேண்டியது ஒரு ஐம்பத்தைந்து, ஒரு ஐம்பது. இந்த உலகத்தில் சர்க்கரை இறங்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு ஓடுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் மிட்டாயைத் தின்றபிறகு மெஷினில் பார்த்தால் என்ன வரும்? நூற்றிருபது வரும், நூற்று நாற்பது வரும், மிட்டாய் ஏற்றியதா முன்பே அங்கேதான் இருந்ததா என்று ஒருபோதும் தெரியாது. தெரியாமலே போகும். அதுவும் நல்லதுதானே. ஒவ்வொரு தடவையும் முதலில் மிட்டாய் தின்றுவிட்டால், ஒவ்வொரு தடவையும் சர்க்கரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், டாக்டர் சொன்ன ரூல்படி நடந்தேன் என்று நல்ல பேரும் கிடைக்கும். அண்ணியும் சிரித்துக்கொண்டேதான் விட்டார்.

நின்றுவிட்டேன். நான் நின்றேனா, கால் நின்றதா தெரியவில்லை, வாட்சும் பதினேழு என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, ரங்கநாயகி டீ ஸ்டால் என்று பெயின்டில் எழுதியிருக்கிறது, பாய்லருக்குப் பின்னால் நாற்பத்தைந்து வயசு மதிக்கிற ஒரு அம்மிணி, அவள்தான் ரங்கநாயகியாக இருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு ஆள் இல்லை. "ஏனுங்ண்ணா, ஒரு மாதிரி இருக்கறீங்க?" என்று எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல அம்மிணி." "ஒண்ணுமில்லாம இப்படிக் கை நடுங்குமுங்களா? சக்கரைங்களா?" ஆமாம் என்று தலையாட்டினேன். "அட ஆமாங்ண்ணா, எங்கூட்டுக்காரரும் இப்படித்தான், எறங்குச்சுன்னா பொண்டாட்டிய வாங்க போங்கம்பாரு, அத வெச்சே நான் கண்டுபுடிச்சுக்குவேன். இருங்க, இருங்க." அவள் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரையைப் போட்டு, கரண்டி கண்ணாடியில் இடிக்க இடிக்கக் கலக்கி, என் கையில் கொண்டுவந்து திணித்தாள். "கண்ண மூடிட்டுக் குடிங்க." அடியில் கரையாத சர்க்கரை சுற்றிக்கொண்டிருந்தது. வாய்க்கும் டம்ளருக்கும் நடுவில் ஒரு சாண் தூரம். குடித்தால் முடிந்தது. இந்த அம்மிணியே சாட்சி, நடுங்கினார், கொடுத்தேன், தெளிந்தார் என்று சொல்லுவாள். குடி, சென்னியப்பா. யார் உன்னைக் கேட்கப்போகிறார்கள்? இறங்கியிருந்து நீ மெஷினை நோண்டிக்கொண்டே சாய்ந்துவிட்டால் அதைவிட முட்டாள்தனம் உண்டா? பயமாக இருந்தது. சாய்ந்துவிடுவேனோ என்ற பயம் இல்லை, அது இருந்தால்தான் பரவாயில்லையே. சாய மாட்டேனோ என்று பயமாக இருந்தது. "சித்தெ இரு அம்மிணி," என்று டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். "அட, அப்புறம் பாத்துக்கலாமுங்ண்ணா, மொதல்ல குடிங்க" என்று அதட்டினாள். அவள் சொல்வதுதான் சரி. பையைத் திறந்து மிட்டாயை ஒதுக்கி, அதற்கடியில் இருந்த மெஷினை எடுத்தேன்.

ஸ்ட்ரிப் டப்பா திறக்கவில்லை, பல்லால் திறந்தேன். இரண்டு ஸ்ட்ரிப் கீழே விழுந்தது, மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. விரலை இடுப்புத் துண்டில் துடைக்கிற பழக்கத்தில் இடுப்பைத் தேடினேன், ஓடுகிற டவுசரில் துண்டு ஏது. அந்த அம்மிணியே ஈரத் துணியால் என் விரலைத் துடைத்து, தன் சேலைத் தலைப்பால் ஒற்றி உலர்த்தி விட்டாள். குத்தினேன். ரத்தம் வரவில்லை. அமுக்கினேன், வந்தது. மெஷின் துளியை இழுத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தது. ஐந்து. ஐம்பதாக இரு. நாலு. அறுபதாக இருந்தாலும் போதும், அறுபத்தைந்துக்கு மேல் போகாதே. மூன்று. ஞாபகம் என்பது என்ன, முப்பத்து நாலு வருஷம் ஞாபகத்தை விற்றுத்தான் சாப்பிட்டேன், அது போனால் நான் எங்கே இருப்பேன், துளசியை வாங்க போங்க என்பேனா, மகளைப் பார்த்து எந்த ஊருக்குங்க போகோணும் என்பேனா. இரண்டு. அண்ணா, அன்றைக்குச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஒன்று. அம்மிணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் படிப்பதற்கு முன்பே அவள் படித்துவிட்டாள். "நூத்திப் பதினெட்டு! அட, நூத்திப் பதினெட்டுங்ண்ணா! எங்கூட்டுக்காரருக்குப் பத்து வருசத்துல ஒருநாளாச்சும் இப்படி வந்திருக்குமுங்களா? ஒண்ணுமே இல்லீங்க உங்களுக்கு, நல்லா இருக்கறீங்க, வெறும் அசதிதானுங்க." மறுபடியும் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. மெஷின் தப்பாக இருக்கும் என்று இன்னொரு விரலில் குத்தினேன். நூற்றுப் பதினாறு. சர்க்கரை வந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக ஏங்கிய நம்பர், எந்த டாக்டரிடம் காட்டினாலும் கை கொடுப்பார்கள். நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால், அடக்க முடியாமல் அழுதேன். அவள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "அதா பாருங்க, எதுக்குங்ண்ணா பயப்படறீங்க" என்று டம்ளரை எடுத்துப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் துளசிமணியைக் கூப்பிட்டேன். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"துளசி, நான் காலையில ஊசி போட்டனா?"

"போட்டீங்க. ஆறு." யோசிக்காமல் சொன்னாள். "நான் பக்கத்துல நின்னு எண்ணுனேனுங்க. எண்ணு எண்ணுன்னு நீங்கதான் கூப்பிட்டீங்க."

நான் கூப்பிட்டேனா. அவள் வந்து நின்றாளா. அந்த ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் எத்தனை தேடியும் அவள் இல்லை, என் கை மட்டும்தான் இருந்தது.

"சக்கர எவ்வளவு இருக்குதுங்க?"

"நூத்திப் பதினெட்டு."

நல்லது என்று அவள் சொல்லவில்லை. வழக்கமாக நூற்று ஐம்பது என்றாலே மாரியாத்தாளுக்கு ஒரு கும்பிடு போடுகிறவள்.

"துளசி, இப்படி ரோட்டுல நின்னுட்டு இதக் கேக்கறது இன்னிக்குத்தானே மொதல் தடவ?"

"வெய்ய ஏறுதுங்க. வாங்க, வந்து பேசிக்கலாம்."

"எத்தன தடவ கேட்டிருக்கறேன், சொல்லு."

"நான் எண்ணறத வுட்டுட்டனுங்க," என்றாள். "மொதல்ல காலண்டர் பொறத்தால குறிச்சு வெச்சுட்டிருந்தேன். அப்புறம் வுட்டுட்டேன்."

ஒரு பஸ் எனக்கு முன்னால் வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. அது எந்த வண்டி என்று நான் பார்க்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குது துளசி."

"எனக்குந்தானுங்க." பிறகு, "பஸ் ஏறி வந்துருங்களே," என்றாள்.

"இல்ல. ஏழு கிலோமீட்டர்தான், ஓடியே வந்தர்றேன். ஓடத் தெரியுது இன்னும்."

"செரி, ஓடியே வாங்க. நேரா ரோட்டப் புடிச்சே வாங்க, எங்கயும் திரும்ப வேண்டாம். நான் பச்சாபாளையம் பிரிவுல வந்து நிக்கறேன். பச்சைச் சீலைதான் கட்டியிருக்கறேன், கையில கொடை வெச்சிருப்பேன்." போனை வைக்கப்போனவள் இன்னொன்றும் சொன்னாள். "என்னையத் தாண்டிப் போயிறாதீங்க."